நான் உனக்கு என்ன முறை?

பள்ளுருத்தி, மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டை ஆகிய பகுதிகளில் பல மொழி பேசும் மக்கள் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மலையாளத்துடன் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் அங்கே ஒலிக்கின்றன. தமிழ்க் குடும்பங்களுள் சில பல தலைமுறைகளுக்கு முன்னரே கொச்சியில் குடியேறியவை. வேறு சில, பெற்றோரின் பணிமாற்றத்தால் அண்மையில் வந்தவை. எக்காலத்தில் வந்தவராயினும், "ஊருக்குப் போகிறோம்" என்று அவர்கள் மகிழ்ச்சியுடன் கூறும்போது, அதன் பின்னால் பலமுறை ஒரு குடும்ப விழா இருக்கும். அத்தகைய விழாக்களுள் ஒன்று காதணி விழா.

ஒரு குழந்தைக்குக் காது குத்துவதற்குச் சில நிமிடங்களே போதும். கொச்சியிலுள்ள ஒரு நகைக்கடையிலேயே அதனைச் செய்து முடித்துவிடலாம். அவ்வாறிருக்க, பள்ளி விடுமுறைக்காகக் காத்திருந்து, பயணச்சீட்டை முன்பதிவு செய்து, குடும்பத்துடன் நெடுந்தொலைவு பயணம் செய்வது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்போம்.

மலையைக் கடக்கும் வழி

கொச்சிக்கும் தமிழ்நாட்டிற்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூரை அடையலாம். தெற்கே ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டையை அடையலாம். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களைச் சொந்த ஊராகக் கொண்டோருக்கு இரண்டாவது வழியே ஏற்றது.

மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வழியில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தைக் காணச் சிறுவர்கள் சாளரத்தின் அருகே இடம் பிடிப்பர். பழைய மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக 2010ஆம் ஆண்டில் மலைப்பகுதியில் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2018ஆம் ஆண்டில் இப்பாதை மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் விழாவிற்குச் சென்றோர் பேருந்திலோ, திருவனந்தபுரம், நாகர்கோவில் வழியாகச் சுற்றியோ செல்ல நேர்ந்தது. ஆயினும் அவர்கள் சென்றனர்.

விழா நடைபெறும் முறை

காதணி விழா பெரும்பாலும் குலதெய்வக் கோயிலில் நடைபெறும். குழந்தையின் வயதை ஒற்றைப்படை மாதமாகவோ ஆண்டாகவோ பார்த்து நாள் குறிப்பர். முதலில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்தி முடி இறக்குவர். பின்னர்க் குளிப்பாட்டித் தலையில் சந்தனம் பூசுவர். மாமன் கொணர்ந்த புத்தாடையை அணிவிப்பர். மீண்டும் மாமன் மடியில் அமர்த்தியபின், பொற்கொல்லர் காது குத்துவார். குழந்தை வீறிட்டு அழும். மாமன் அதன் தலையைத் தம் மார்போடு அணைத்து, அசையாமல் பிடித்துக்கொள்வார். பின்னர்க் குழந்தையின் வாயில் இனிப்பை ஊட்டுவார்கள்.

மாமன் வெறுங்கையுடன் வருவதில்லை. பழம், தேங்காய், வெல்லம், ஆடை, நகை முதலியவற்றைத் தட்டுகளில் அடுக்கி, மேளம் முழங்க ஊர்வலமாகக் கொண்டுவருவார். இதற்குச் சீர்வரிசை என்று பெயர். பந்தலின் ஓரத்தில் இருவர் ஏட்டுடன் அமர்ந்து, உறவினர் அளிக்கும் மொய்ப்பணத்தை எழுதிக்கொள்வர். பிற்காலத்தில் அவர்கள் வீட்டில் விழா நிகழும்போது, இந்த ஏட்டைப் பார்த்தே திரும்பச் செய்வர்.

முறை என்னும் சொல்

விழாப் பந்தலில் வெளியூர்ப் பிள்ளைகளைக் கண்டதும் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நான் உனக்கு என்ன முறை வேண்டும், சொல் பார்க்கலாம்!" பல பிள்ளைகள் விடை தெரியாமல் தாயின் முகத்தைப் பார்ப்பர். சிலர் "அங்கிள்" என்பர். கேட்டவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். ஆயினும் அவர் எதிர்பார்த்த விடை அதுவன்று.

'முறை' என்னும் சொல்லுக்கு உறவு என்று பொருள். ஒழுங்கு, கடமை என்றும் பொருள் உண்டு. உறவினர்க்குச் செய்யவேண்டியதைச் செய்வதனை 'முறை செய்தல்' என்கிறோம். எனவே "என்ன முறை?" என்னும் வினாவில், "நாம் ஒருவர்க்கொருவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்?" என்னும் வினாவும் அடங்கியுள்ளது. 'அங்கிள்' என்னும் சொல் எல்லோரையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழ்ச் சொற்களோ அவரவர்க்குரிய இடத்தைக் காட்டுகின்றன.

பெரியப்பா, சித்தப்பா ஆகிய சொற்களில் 'அப்பா' இருப்பதை நோக்குக. பெரியம்மா, சின்னம்மா ஆகியவற்றில் 'அம்மா' உள்ளது. இவர்கள் பெற்றோர்க்கு இணையானவர்கள். இவர்களுடைய பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆவர். மாமனும் அத்தையும் இவ்வரிசையில் சேர்வதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் அத்தான், மைத்துனன், மதினி போன்ற வேறு பெயர்களைப் பெறுகின்றனர். விழாவில் பெரியப்பாவும் சித்தப்பாவும் வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்பர். மாமன் சீருடன் வந்து வரவேற்பைப் பெறுவார்.

திருமணத்திற்குப் பின் பெண் கணவர் வீட்டிற்குச் சென்று வாழ்வது வழக்கமாக இருந்தது. 'உன் பிறந்த வீடு உன்னையும் உன் பிள்ளையையும் மறக்கவில்லை' என்பதை ஊரறியச் சொல்வதே மாமன் சீர். அச்செய்தியைக் கடையில் வாங்க இயலாது.

அம்மாவனும் அம்மானும்

நீங்கள் கொச்சியில் மலையாள நண்பர்களிடம் 'அம்மாவன்' என்னும் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தாயின் உடன்பிறந்தவரையே அவர்களும் அவ்வாறு அழைக்கின்றனர். தமிழில் 'அம்மான்' என்பதும் அவரையே குறிக்கும். சொல் ஒத்திருந்தும் கடமை வேறுபட்டது. கேரளத்தில் பல குடும்பங்கள் பின்பற்றிய மருமக்கள்தாய முறையில், வீட்டின் மூத்த அம்மாவனே குடும்பத் தலைவராக இருந்தார்; சொத்து பெண்வழியே மருமக்களைச் சேர்ந்தது. தமிழ்க் குடும்பத்தில் மாமன் வேறு வீட்டில் வாழ்பவர். விழா நாளில் வந்து மடி தருபவர். இரு முறைகளையும் அருகிலிருந்து அறியும் வாய்ப்பு உங்களுக்கு உள்ளது.

உங்களுக்கும் ஓர் இடம்

தாய்மாமன் வர இயலாதபோது, மாமன் முறையுள்ள வேறொருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். விழா நின்றுவிடாது. ஆனால் தாயின் கண்கள் வாயிலையே நோக்கிக்கொண்டிருக்கும். தொலைவில் வாழும் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். அதனால்தான் பயணம் எத்தனை நீண்டதாயினும் அவர்கள் புறப்படுகின்றனர்.

மாணவர்களே! விழாவில் நீங்கள் வெறும் பார்வையாளர் அல்லர். இன்று உன்னோடு சண்டையிடும் தங்கை, நாளை தன் குழந்தைக்குக் காது குத்தும்போது உன் மடியைத்தான் தேடுவாள். உன் அண்ணனின் திருமணத்தில் தாலியின் மூன்றாம் முடிச்சைப் போடும் நாத்தனார் நீயாக இருக்கலாம். பின்னர் அவர் பிள்ளைக்கு அத்தையும் நீயே. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, "நான் உனக்கு என்ன முறை?" என்று எவரேனும் கேட்டால் தயங்காமல் விடை கூறுங்கள்.

எழுதிப் பழகுவோம்

1. 'முறை' என்னும் சொல்லின் பொருள்களைக் கூறி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்க.
2. காதணி விழாவில் தாய்மாமன் செய்யும் கடமைகள் யாவை?
3. உங்கள் குடும்பத்தினர் பத்துப் பேரின் உறவுப் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. அவர்களுள் சீர் கொணர்வோர் யார், வரவேற்போர் யார் என்பதையும் குறிப்பிடுக.