காளைக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ்! தெரியுமா?

விளையாட்டு வீரர் திடீரென இறந்தால் ஊரே திரண்டு அழும். அந்த வீரருக்கு நாலு கால், ரெண்டு கொம்பு, ஒரு திமில் இருந்தால்? அப்போதும் அழும்!

அபிராமம், கமுதி, முதுகுளத்தூர் பக்கம் வடமாடு மஞ்சுவிரட்டு பார்த்திருக்கிறீர்களா? நடுக்களத்தில் நீளக் கயிற்றில் ஒரே ஒரு காளை. எதிரே ஒன்பது வீரர்கள்! நேரம் முடியும்வரை யார் கையிலும் சிக்காமல் நின்று விளையாடிவிட்டால் மாடு ஜெயித்தது. மைக்கில் ஒருமுறை அதன் பேர் ஒலித்தால் போதும், சுற்றுவட்டாரம் முழுக்க அது நட்சத்திரம்.

அப்படிப்பட்ட மாடு இறந்தால் தென் மாவட்டங்களில் என்ன நடக்கும் தெரியுமா? மந்தையில் கிடத்துவார்கள். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, வேட்டி, துண்டு, மாலை சாத்துவார்கள். தாரை தப்பட்டை முழங்கும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். களத்தில் அதைப் பிடிக்க முடியாமல் தோற்ற இளைஞர்களே மாலையோடு வந்து நிற்பார்கள்! கறிக்கு விற்கும் பேச்சே எழாது. வீட்டில் ஒரு ஆள் போனதாகவே எண்ணி அடக்கம் செய்வார்கள்.

கொம்பன் நினைவிருக்கிறதா? அப்போதைய அமைச்சர் விஜயபாஸ்கரின் காளை. 2018 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் தென்னலூர் ஜல்லிக்கட்டில் சீறி வந்தது, வாடிவாசல் கட்டையில் தலை மோதியது, அங்கேயே உயிர் போனது! இன்னொரு ஆச்சரியம், ஆச்சரியம் என்று சொல்லவே நெஞ்சு வலிக்கிறது: அவருடைய கருப்புக் கொம்பனும் 2023 மே மாதம் அதேபோல வாடிவாசல் கட்டையில் மோதித்தான் விழுந்தது. சில நாள் சிகிச்சை கொடுத்தும் பிழைக்கவில்லை. காளை விழுந்தால் அடிபடக்கூடாது என்று தரையில் தென்னை நார் பரப்புகிறோமே, அந்தக் கட்டையிலும் கனமாகச் சுற்றினால் என்ன? ஒவ்வொரு ஊர் விழாக் குழுவும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

நாம் மட்டும்தான் விலங்குக்கு அழுகிறோமா? இல்லவே இல்லை! ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரை நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் ஓடியது. 1930-இல் மெல்போர்ன் கோப்பையை வென்றது. ஊரெல்லாம் வேலையின்றித் தவித்த காலத்தில் ஏழைகளின் நாயகனாக இருந்தது. 1932 ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்காவில் திடீரெனச் செத்ததும் இரண்டு நாடுகள் கலங்கின. எங்களுக்கு, எங்களுக்கு என்று பங்கு போட்டதில் தோல் மெல்போர்னுக்கும், எலும்புக்கூடு வெலிங்டனுக்கும், ஆறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இதயம் கான்பெராவுக்கும் போயின! மூன்றும் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அமெரிக்காவில் பெரும் பந்தயக் குதிரை இறந்தால் வழக்கமாகத் தலை, இதயம், குளம்புகளை மட்டுமே புதைப்பார்களாம்! 1989-இல் செக்ரடேரியட் என்ற குதிரையை முழு உடலோடு புதைத்ததை அங்கே அரிய மரியாதையாக இன்றும் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் களம் கண்ட காளை எதுவானாலும் குழிக்குள் முழுசாகத்தான் இறங்கும், கழுத்து மாலையோடு.