சூரியனுக்கு சனி, ஞாயிறு தெரியாது: அரோரா கணிப்பை எப்படி நம்புவது?

எட்மன்டன்ல இலையெல்லாம் மஞ்சளாக ஆரம்பிச்சாச்சு. இந்தச் சமயத்துல இங்கே பல பேரோட வார இறுதித் திட்டம் ஒண்ணுதான்: ஊருக்கு வெளியே போய் அரோரா பார்க்கணும். தமிழ்ல துருவ ஒளின்னு சொல்றோமே, அதுதான். ஆனா நிறைய பேர் வெறும் இருட்டைப் பார்த்துட்டுத் திரும்பி வர்றாங்க. ஏன் அப்படி? எந்தக் கணிப்பை எதுக்கு நம்பணும்? இன்னைக்கு அதைப் பேசலாம்.

போன வருஷம் செப்டம்பர்ல அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தாங்க. புதன்கிழமை ரிட்டர்ன் ஃபிளைட். கையில் இருந்தது ஒரே ஒரு வார இறுதி. அரோரா ஆப்ல சனிக்கிழமை ராத்திரிக்கு கேபி 6 என்று போட்டிருந்தது. கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் எண். எட்மன்டனுக்கு 4 வந்தாலே வாய்ப்பு உண்டு. 6 என்றால் கேட்கணுமா?

கிழக்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்கா. விளக்கு வெளிச்சம் படாமல் இருட்டைப் பாதுகாக்கும் பகுதி அது. பகல்ல பைசன் கூட்டம் பார்த்தோம். ராத்திரி ஆஸ்டோடின் ஏரிக்கரையில் போர்வையைச் சுத்திக்கிட்டு ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். மேகமே இல்லை. அரோராவும் இல்லை.

"நம்ம ஊர்லயும் இப்படித்தான்டா. மழை வரும்னு சொன்னா தைரியமா துணி காயப்போடலாம்"னு அம்மா சொன்னாங்க. சிரிச்சேன், ஆனா எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்துச்சு.

சரி, என்ன நடந்தது? சூரியனிலிருந்து சில சமயம் காந்தப்புலத்தோடு சேர்ந்த பெரிய வாயுக் கூட்டம் ஒன்று வெடித்துக் கிளம்பும். அது பூமிக்கு வர பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். கிளம்பியதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம், வேகத்தை ஓரளவு கணக்குப் போடலாம். ஆனால் அதன் உள்ளே காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைத் தொலைவிலிருந்து நம்பகமாகச் சொல்ல முடியாது. விஷயமே அதில்தான் இருக்கு. அது தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்து கதவைத் திறந்துவிடும். வடக்கு நோக்கி இருந்தால் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். எங்க சனிக்கிழமை அப்படித்தான் போச்சு.

இந்தத் திசையை அளக்கும் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 என்ற இடத்தில் நிற்கின்றன. 2024 ஜனவரி 6 அன்று நம்ம ஆதித்யா எல்1 போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். சூரியக் காற்று அந்த இடத்தைத் தாண்டி பூமியைத் தொட, வேகத்தைப் பொறுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். உறுதியான முன்னறிவிப்பு என்று நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

இதுக்கு மேல மேகம் வேற. மூணு நாளைக்கு முன்னாடியே "சனி இரவு 11 மணிக்கு வானம் தெளிவு" என்று சொன்னால் அதை வாய்ப்பாக மட்டும் எடுத்துக்கோங்க. மேகக் கூட்டம் ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தாலே கதை மாறிடும்.

அப்புறம் ஏன் எல்லாரும் இப்பவே கிளம்பறாங்க? ரெண்டு காரணம். ஜூன் மாதம் எட்மன்டனில் நடு இரவில்கூட முழு இருட்டு வராது. செப்டம்பரில் எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும், குளிரும் தாங்கும் அளவில்தான் இருக்கும். இன்னொன்று, பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி பூமியும் சூரியக் காற்றும் அமையும் கோணத்தால் அந்தத் தெற்கு நோக்கிய இணைப்பு எளிதாகிறது. ரஸ்ஸல், மெக்ஃபெரான் என்ற இருவர் 1973இல் இதை விளக்கினார்கள்.

இப்போ திங்கட்கிழமைக்கு வருவோம். ஆப்ல கேபி 3. வானிலையில் மேகமூட்டம். விட்டுடலாம்னுதான் இருந்தேன். பத்தே கால் மணிக்குச் சும்மா எல்1 அளவைப் பார்த்தேன். 'பிஇஸட்' என்று ஒரு எண் இருக்கும். மைனஸில் போனால் தெற்கு. அது மைனஸ் 10ஐத் தாண்டி, அங்கேயே நின்றது. சாட்டிலைட் படத்தில் கிழக்கே மேகத்தில் ஒரு இடைவெளி. மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்கு மீட்டிங். "அம்மா, ஸ்வெட்டரைப் போடுங்க"ன்னு சொன்னேன்.

ஏரிக்கரையில் வடக்குப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. "இது மேகம்தானேடா?" என்றார் அம்மா. போனில் மூன்று விநாடி நைட் மோடில் எடுத்துக் காட்டினேன்: பச்சை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகப் பிடிபடாது, கேமராவுக்குப் பிடிபடும். பத்து நிமிஷத்தில் அந்தப் பட்டை எழுந்து ஆடத் தொடங்கியபோது போனே தேவைப்படவில்லை. சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் தருகிற பச்சை, ஓரத்தில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பு. அம்மா ஒரு வார்த்தை பேசலை. என் கையை மட்டும் கெட்டியாப் பிடிச்சிருந்தாங்க.

அதனால என் முறை இதுதான். மூன்று நாள் கணிப்பை வைத்து வண்டியில் பெட்ரோல் போடுங்க, போர்வையை எடுத்து வையுங்க. அன்றைக்கு மாலை மேகத்தைப் பார்த்து எந்தத் திசை என்று முடிவு பண்ணுங்க. கிளம்புவதா வேண்டாமா என்பதை மட்டும் கடைசி அரை மணி நேரத்து அளவு சொல்லட்டும். வார இறுதியை இலைக்கும் பைசனுக்கும் வைத்துக்கொள்ளுங்க. அரோராவுக்கு வார நாளில் ஓரிரண்டு ராத்திரியைக் காலியா விடுங்க.

ஊர்ல அம்மாகிட்ட யாராவது கேட்டா, "கேபி மூணுன்னுதான் போட்டிருந்தான்"னு ஆரம்பிச்சுத்தான் சொல்றாங்களாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.