கைவினைச் சதுரங்கப் பலகையும் வாங்குவோர் கைவிடும் உரிமையும்

அமிர்தசரஸ் போன்ற ஊர்களில் செய்யப்படும் மரச் சதுரங்கப் பலகைகளை இணையத்தில் வாங்குவோர் பலர், விளம்பரத்திலுள்ள மரத்தின் பெயரை நம்பிப் பணம் செலுத்திவிட்டு, வந்த பலகையைச் சோதிக்காமலே அலமாரியில் வைத்துவிடுகின்றனர். சில மாதங்களில் அது வளைந்து ஆடும்போது, திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டது என்ற விற்பனையாளரின் பதிலை ஏற்று அடங்கிப்போகின்றனர்.

'ரோஸ்வுட்' என்று விற்கப்படுவது பல வேளைகளில் சீஷம் மரமே. அது ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்ததாயினும் அதே மரம் அன்று. 'எபோனைஸ்டு' என்பது கருங்காலியன்று, வெளிர்நிற மரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றியது. ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டிச் செய்யும் 'வெனீர்' பலகை தன்னளவில் தாழ்ந்ததன்று. நன்கு செய்யப்பட்டால் அது முழுமரத்தைவிடக் குறைவாகவே வளையும். முழுமரம் என்று சொல்லிவிட்டு வெனீரை அனுப்புவதே மோசடி.

மர இழை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு முறியாமல் ஓடினால், கட்டங்கள் தனித்தனி மரத்துண்டுகளல்ல, சாயமிட்டவை அல்லது அச்சிட்டவை என்று கொள்ளலாம். பலகையைக் கண்ணாடி மேசைமேல் வைத்து மூலைகளை அழுத்தினால் ஆடக்கூடாது. மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே நீளம் இருக்கவேண்டும். இணைப்புகளின்மேல் நகத்தை ஓட்டினால் தடுக்கக்கூடாது. கட்டத்தின் பக்கம் 5 முதல் 6.5 செ.மீ. வரை இருக்கவேண்டும் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் அளவு. இச்சோதனைகளைப் பெட்டி பிரிக்கும் அன்றே, காணொளி எடுத்தபடி செய்யவேண்டும். விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பை வாங்குவதற்கு முன்பே எடுத்து வைக்கவேண்டும், ஏனெனில் புகார் எழுந்தபின் அப்பக்கத்தின் சொற்கள் மாறிவிடலாம்.

திருப்பி அனுப்பும் காலம் என்பது கடைக்காரர் வகுத்த ஏற்பாடு. சட்டம் தந்த உரிமையின் எல்லை அதுவன்று. குறைபாடுடைய, அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 கூறுகின்றன. எனவே உரையாடல் பெட்டியில் வாதாடி நாளைக் கழிக்காமல், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்பவேண்டும்; அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணக் கடமைப்பட்டவர். அவரும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். ஆனால் அது சமரச முயற்சி மட்டுமே, தீர்ப்பன்று என்பதால் அங்கேயே நின்றுவிடக்கூடாது.

தீர்ப்பளிப்பது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இன்றியும், 'ஈ-ஜாக்ருதி' தளம் வழியாகவும் முறையிடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. விலைப்பட்டியல், திரைப்பிடிப்பு, காணொளி, அலுவலருக்கு அனுப்பிய புகாரின் நகல், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை இணைத்து, மரத்தின் வகையே சர்ச்சையானால் பலகையை ஆய்வகச் சோதனைக்கு அனுப்புமாறு மனுவிலேயே கேட்கவேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளே காலவரம்பு. உதவி எண்ணில் புகார் நிலுவையில் உள்ளது என்று காத்திருப்பதால் அது நின்றுவிடாது.