இருபத்தொன்று: வீட்டுப் பாயும் மலையுச்சி மேசையும்

தீபாவளியன்று கிள்ளானில் உள்ள எங்கள் தாத்தா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துவிடுவார்கள். நடுவில் ஒரு சீட்டுக்கட்டு. ஆளுக்கு முன்னால் கொஞ்சம் இருபது காசுகள். நாங்கள் ஆடுவது 'இருபத்தொண்ணு'. சீனப் பெருநாளில் நம் சீன நண்பர்களின் வீடுகளில் 'பான் லக்' என்ற பெயரில் ஆடப்படுவதும் ஏறக்குறைய இதே ஆட்டந்தான். முதலில் இரண்டு சீட்டுகள் கிடைக்கும். கூட்டுத்தொகை 21ஐ நெருங்கும்வரை மேலும் வாங்கலாம், தாண்டினால் போச்சு!

இதே ஆட்டம் கெந்திங் மலையில் 'பிளாக்ஜேக்' என்ற பெயரில் நடக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே அறிந்தேன். என் விடுதி நண்பன் ஒருவன் 21 வயது நிரம்பிய வாரமே கே.எல். சென்ட்ரலில் பேருந்து ஏறினான். முதல் இரவு 300 வெள்ளி வென்றான். மறுநாள் எங்கள் எல்லாருக்கும் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு! அடுத்த இரண்டே மாதங்களில் அவனுடைய கல்விக் கடன் பணம் முழுவதும் கரைந்தது. "சின்ன வயசுல இருந்து ஆடுற ஆட்டம்தானே, எனக்குத் தெரியாதா?" என்பான். அவன் கணக்கு எங்கே தவறியது? அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், 'வெயின்டியூனா' என்னும் இருபத்தொன்று ஆட்டத்தில் ஏமாற்றிப் பிழைக்கும் இளைஞன் ஒருவன் வருகிறான். ஆசுக்கு 1 அல்லது 11 என்னும் விதி அப்போதே இருந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய இவ்வாட்டம் பின்னர் அமெரிக்காவிலும் வேரூன்றியது. 1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, பிளாக்ஜேக் அங்குள்ள சூதாட்ட மையங்களின் முக்கிய ஆட்டமாயிற்று.

நம் நாட்டில் டான் ஸ்ரீ லிம் கோ தோங் 1969இல் சூதாட்ட உரிமம் பெற்றார். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் அவர் கட்டிய தங்கும் விடுதி 1971இல் திறக்கப்பட்டது. மலேசியாவில் சட்டப்படி இயங்கும் ஒரே சூதாட்ட மையம் அங்குதான் உள்ளது. முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குக் குறைந்தோருக்கும் அங்கு அனுமதியில்லை.

சரி, வீட்டு ஆட்டத்திற்கும் அந்த ஆட்டத்திற்கும் என்ன வேறுபாடு? எங்கள் பாயில் பேங்கர் பொறுப்பு முறைவைத்து மாறும். பேங்கரும் நாமும் 21ஐத் தாண்டிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. சூதாட்ட மையத்திலோ பேங்கர் மாறுவதேயில்லை. அங்கு நாம்தான் முதலில் ஆடவேண்டும். தாண்டியதும் நம் பணம் போய்விடும். பிறகு சீட்டுப் பகிர்பவர் தாண்டினாலும் அது திரும்பாது.

பார்ப்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால், 17 வரும்வரை சீட்டு வாங்கியே ஆகவேண்டிய பகிர்பவர், 100 ஆட்டங்களில் சுமார் 28இல் தாண்டிவிடுகிறார். நாமும் அவரைப் போலவே ஆடினால் நாமும் 28 முறை தாண்டுவோம். இருவரும் ஒருசேரத் தாண்டுவது சுமார் 8 முறை. வீட்டில் சமனாக முடியும் அந்த எட்டும் அங்கே மையத்தின் வருமானம். ஆசுடன் பத்துப் புள்ளிச் சீட்டு சேர்ந்தால் கிடைக்கும் ஒன்றரை மடங்குப் பணம் ஓரளவே ஈடு செய்கிறது. முடிவில், பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் சராசரியாக ஐந்தரை வெள்ளி நட்டம். 50 வெள்ளி வீதம் மணிக்கு 60 ஆட்டம் ஆடுபவர் 3,000 வெள்ளியைப் பந்தயம் கட்டுகிறார். மணிக்கு 165 வெள்ளி போகிறது. என் நண்பன் ஆடியதும் இப்படித்தான்.

இதைக் குறைக்க வழியில்லையா? 1956இல் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய நால்வர் மேசைக் கணக்கிடும் கருவிகளின் துணையோடு சிறந்த ஆட்டமுறையைக் கணக்கிட்டு வெளியிட்டனர். அம்முறைப்படி ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் நட்டம் 100க்கு அரை வெள்ளி அளவுக்குக் குறையும். 1962இல் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப், வெளியான சீட்டுகளை நினைவில் வைத்து ஆடினால் வெல்லவும் முடியும் என்று காட்டினார். மையங்கள் சும்மா இருக்கவில்லை. பல சீட்டுக்கட்டுகளை ஒன்றாகக் கலந்தன; கலைப்பதற்கு இயந்திரம் வைத்தன. லாஸ் வேகாசின் பல மேசைகளில் 10 வெள்ளிப் பந்தயத்திற்கு 15 கொடுத்த இடத்தில் இப்போது 12தான். ஆட்டக்காரன் கற்றுக்கொள்ளும்போதெல்லாம் விதியும் மாறுகிறது. விதியை எழுதுபவர் பேங்கர் அல்லவா?

திருக்குறளில் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரம் உண்டு. அதன் தொடக்கத்திலேயே வள்ளுவர் எச்சரிப்பது தோல்வியைப் பற்றியன்று, வெற்றியைப் பற்றி. என் நண்பனைக் கவிழ்த்ததும் அந்த முதல் 300 வெள்ளிதான். பகுதிநேர வேலை செய்து, ஒரு பருவம் தாமதித்தே அவன் பட்டம் பெற்றான்.

இன்றும் தீபாவளிக்கு நாங்கள் பாய் விரிக்கிறோம். ஆட்டம் முடிந்ததும், தோற்ற பிள்ளைகளுக்குப் பெரிய மாமா காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நண்பர்களே, மலையுச்சியில் அப்படியொரு மாமா இல்லை.