தூரியில் ஆடும்போது எடை கூடுமா?

நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மாணவர்களுக்குத் தூரி இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஊஞ்சல் என்று கொள்க. ஆடி நோம்பிக்குப் புளியமரக் கிளையில் தூரி கட்டியதும், பெரியவர் ஒருவர் அதில் தொங்கிப் பார்த்து, "தாங்கும்" என்பார். அவருடைய எடை 60 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோகிராம் எடையுள்ள மாணவன் ஆடினால் அதே கயிறு அறுந்து போகலாம். எப்படி?

தூரி கீழே வரும்போது பலகை உங்களை அழுத்துவதையும், ஓரத்துக்குப் போனதும் உடல் இலேசாவதையும் உணர்ந்திருப்பீர்கள். பூமியின் இழுப்பு ஈரிடத்தும் ஒன்றே. நாம் எடையென உணர்வது பலகை நம்மைத் தாங்கும் விசையைத்தான். இதுவே தோற்ற எடை.

தூரி செல்லும் பாதை செங்குத்து வட்டத்தின் ஒரு பகுதி. வட்டத்தில் செல்லும் பொருளை மையத்தை நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் வரும்போது மையம் தலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே கயிறு எடையையும் தாங்கி, மையநோக்கு விசையையும் தர வேண்டியிருக்கிறது.

கயிறு 5 மீட்டர் நீளம். மாணவன் 60 பாகை சாய்வு வரை ஆடுகிறான். அப்போது அவன் 2.5 மீட்டர் உயர்கிறான். அங்கிருந்து இறங்கி அடிக்கு வரும்போது வேகம் விநாடிக்கு 7 மீட்டர். நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி, கயிற்றின் நீளத்தால் வகுத்தால் மையநோக்கு விசை 392 நியூட்டன். இது அவனுடைய எடைக்குச் சமம்! ஆக, அடியில் கயிறு தாங்குவது 80 கிலோகிராம் எடை. ஓரத்தில் வெறும் 20 தான். அங்கே வேகமில்லை, சாய்ந்த கயிறு எடையில் பாதியையே தாங்குகிறது.

கயிற்றை 3 மீட்டராக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விடை மாறாது.

வீறாப்பாகக் கிளை மட்டம் வரை ஆடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு அடியில் எடை மும்மடங்கு, அதாவது 120. அதற்கும் மேலே போனால் கயிறு தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுபடும். அந்த உலுக்கலுக்கு நம் கணக்குப் போதாது. அடியில் கயிறு அறுந்தால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கித் தூக்கியெறியப்பட வேண்டியதுதான்.

பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில் தராசு இருக்கும். அதைத் தாங்கியில் மாட்டி, கொக்கியில் ஒரு கல்லை நூலால் தொங்கவிடுங்கள். 60 பாகைக்கு இழுத்து விட்டு, கல் அடியைக் கடக்கும்போது முள் எங்கே நிற்கிறதென்று பாருங்கள்.