மூடுபனியில் மோட்டாரின் கண்கள்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையைக் கடந்து ராகலைக்கும், அங்கிருந்து உடப்புசல்லாவைக்கும் செல்லும் பாதையில் மூடுபனி விருந்தாளி அன்று, அவ்வூர்வாசி. நுவரெலியா நகரமே கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்கிறது. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்பொழுது குளிர்கிறது. குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகத் திரள்கிறது. சமவெளியில் நிற்பவர் அதனை அண்ணாந்து பார்த்து மேகம் என்கிறார். ராகலையில் நிற்பவர் அதற்குள்ளேயே நிற்கிறார். தென்மேல் பருவப்பெயர்ச்சி ஹட்டன் பக்கத்தை நனைப்பது போல, மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி இப்பக்கத்து மலைகளை நனைக்கிறது. அந்நாட்களின் காலை வேளைகளில் மலைக்கு வேலைக்குப் போகும் தொழிலாளரும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் தார் வீதியின் ஓரத்தையே நம்பி நடக்கின்றனர்.

இத்தகைய வீதிகளில் ஓடும் வண்டிகளில், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு மாறுதல் நிகழ்ந்திருக்கிறது. ஜப்பானில் சில காலம் ஓடிய பின் இலங்கைக்கு வந்த சிறிய கார்களுள் பல, தாமாகவே பாதையைக் கவனிக்கும் கருவிகளைத் தாங்கி வந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர், இவ்வகை வண்டிகள் மேலும் வந்து சேர்கின்றன. முன்னே செல்லும் வண்டியை அளவுக்கு மீறி நெருங்கினால் எச்சரிப்பது, சாரதி கவனியாவிடின் தானே பிரேக்கை அழுத்துவது, வீதிக் கோட்டைத் தாண்டினால் ஒலி எழுப்புவது ஆகியவை இக்கருவிகளின் வேலை. முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஒன்றுக்கு அமெரிக்காவில் மேரி அண்டர்சன் என்னும் பெண்மணி 1903ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். வண்டிக்கே கண் முளைத்துவிட்ட இக்காலத்தில், அக்கண்களுள் பலவற்றுக்கு வைப்பர் கிடையாது. அவற்றைத் துடைக்க வேண்டிய கை சாரதியின் கையே.

இக்கண்கள் எங்கே இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரிவதில்லை. முன்கண்ணாடியின் உட்புறத்தில், பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகே, கறுப்புப் பெட்டி ஒன்று தெரியும். அதனுள் கமராவோ, லேசர் ஒளியைச் செலுத்தும் கருவியோ, சிலவற்றில் இரண்டுமோ இருக்கும். வேறு சில வண்டிகளில் முன்புறச் சின்னத்தின் பின்னாலோ, பம்பரின் உள்ளேயோ ராடார் மறைந்திருக்கும். வண்டியின் அழகுக்காகப் பொருத்தப்பட்ட சின்னம் என்றே அதனை எண்ணிக் கடந்து போகிறவர்கள் உண்டு. பம்பரில் சட்டைப் பொத்தான் போன்று பதிந்திருக்கும் சிறு வட்டங்கள், காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பவை; வண்டியை நிறுத்தும்பொழுது அவை உதவும். பின்கதவில் இருப்பது பின்புறக் கமரா.

மூடுபனி இவை அனைத்தையும் ஒன்றுபோல் பாதிப்பதில்லை. கமரா காண்பது மனிதர் காணும் அதே ஒளியை. லேசர் ஒளி கண்ணுக்குப் புலப்படாததாயினும், அதன் அலை மிகச் சிறியது. ஆகையால் பனித்துளிகளில் பட்டுச் சிதறிப்போகிறது. சாரதிக்கு முன்னே வெள்ளைத் திரை விழுந்தால், இவ்விரண்டுக்கும் அதே திரைதான். ராடாரின் நிலை வேறு. வண்டிகளில் பெரிதும் பயன்படும் ராடாரின் அலைநீளம் சுமார் 4 மில்லிமீற்றர். பனித்துளியோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவினது. குளத்தின் பேரலை சிறு நாணற்குச்சியைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வது போல, ராடார் அலை பனியினூடே கடந்து செல்லும்.

எனினும் அந்த ராடாரும் தன் முகத்தில் அப்பிய ஈரச்சேற்றை எளிதில் கடக்க மாட்டாது. உலர்ந்த தூசியால் அதற்கு அதிகத் தீங்கில்லை. நீர்தான் அவ்வலைகளை விழுங்குகிறது. கந்தப்பளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலிருந்து ஏறும் லொறிகளின் சக்கரத்தோடு வரும் மண், மழையில் கரைந்து, பின்னால் வரும் காரின் முகத்தில் மெழுகியது போல் படிந்துவிடுகிறது. பின்புறக் கமராவின் கதியோ இன்னும் இரங்கத்தக்கது. வண்டி முன்னே பாயும்பொழுது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரங்கள் வாரி இறைக்கும் சேற்றுத் திவலைகள் அவ்விடத்துக்கு இழுக்கப்பட்டுச் சுழன்று, பின்கண்ணாடியிலும் கமராவிலும் ஒட்டிக்கொள்கின்றன. மழைநாளில் முன்புறம் ஓரளவு சுத்தமாயிருக்கும் கார், பின்புறத்தில் உழவு மாடு போல் தோன்றுவதன் காரணம் இதுவே.

கண் மறைக்கப்பட்டதை உணரும் வண்டி, தன் கருவியை நிறுத்திவிட்டு, சாரதியின் முன்னே ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. சில வண்டிகள் ஒரு வாசகத்தையும் காட்டும். இங்கேதான் சங்கடம். ஜப்பானியச் சந்தைக்கென்று செய்யப்பட்ட வண்டி ஜப்பானிய மொழியிலேயே பேசுகிறது. அதன் கையேடும் அம்மொழியிலேயே இருக்கிறது. விளக்கைக் கண்டு எஞ்சின் பழுது என்று அஞ்சி கராஜுக்கு ஓடுபவரும் உண்டு. விளக்கு எரிந்துகொண்டிருப்பதே வழக்கம் என்று பழகிப்போனவரும் உண்டு. பின்னவரே அபாயத்துக்கு அருகில் இருப்பவர். அவருடைய வண்டி காவலை விட்டு விலகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவரோ காவல் இருப்பதாக எண்ணி ஓட்டுகிறார். மேலும், சிறிதளவு அழுக்கு எப்பொழுதும் விளக்கை ஏற்றும் என்று கொள்ளவும் முடியாது.

சுத்தம் செய்வது இரண்டு நிமிட வேலை. புறப்படுமுன் நல்ல நீரில் நனைத்த மெல்லிய துணியால் கமராவுக்கு நேரான கண்ணாடி, முன்சின்னம், பம்பர் வட்டங்கள், பின்கமரா ஆகியவற்றைத் துடைத்தால் போதும். மழைநாளில் நீண்ட பயணமாயின் இடையிலும் ஒருமுறை துடைக்கலாம். வீதியோரப் பீலித் தண்ணீர் இதற்கு மிகப் பொருத்தமானது. ஆனால் சக்கரம் துடைத்த துணியாலேயே கமராவையும் துடைப்பது கூடாது. அதிலுள்ள மணல் கமராவின் கண்ணில் கீறல் போடும். முதலில் நீரை ஊற்றி மண்ணைக் கரைத்த பின்பே துணியை வைக்க வேண்டும். சேர்விஸ் நிலையங்களில் வேகமாய்ப் பீய்ச்சும் நீர்க்குழாயை இக்கருவிகளுக்கு மிக அருகே பிடிக்க விடலாகாது. வைப்பரின் இறப்பர் தேய்ந்து கோடு கோடாக நீர் விட்டால், அக்கோடுகளினூடேதான் கமராவும் பார்க்கிறது. ஆகவே இறப்பரை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். குளிரில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும்பொழுது, கையால் தேய்ப்பதை விட்டு, ஆவி நீக்கும் காற்றைக் கண்ணாடியின் மேல் செலுத்துவதே முறை. கறுப்புப் பெட்டியைக் கழற்றி உள்ளே துடைக்க முயல்வது ஆகாது.

பக்தியும் இங்கே சற்று இடம் மாற வேண்டியிருக்கிறது. கண்ணாடியின் உச்சியில் ஒட்டும் சுவாமி படம் கமராவை மறைக்கக்கூடும். முன்தட்டில் வைக்கும் பளபளப்பான விக்கிரகத்தின் நிழல் கண்ணாடியில் பிரதிபலித்து அதனைக் குழப்பக்கூடும். ஆயுத பூசையன்று முன்சின்னத்தின் மேல் அப்பும் சந்தனமும், அதற்கு நேராகத் தொங்கும் மாலையும் ராடாரின் முகத்திலேயே படுகின்றன. பொட்டைச் சற்றுத் தள்ளி இட்டாலும் தெய்வம் ஏற்றுக்கொள்ளும்.

இத்தனையும் செய்த பின்னரும், தூய்மையான கண் எதைக் காணாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நடந்து செல்பவரைக் கமரா உருவத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது. மழைச்சட்டை போன்ற பருத்த உடை அணிந்தவர், பெரிய சுமை தாங்கியவர், குடை பிடித்தவர், குனிந்திருப்பவர், உயரம் மிகக் குறைந்த பிள்ளைகள் ஆகியோரைக் கருவி கண்டுகொள்ளாமற் போகலாம் எனத் தயாரிப்பாளரின் கையேடுகளே எச்சரிக்கின்றன. ராகலை வீதியோரத்தில் யார் நடக்கிறார்? இடுப்பில் படங்கு கட்டி, தலைமேல் பொலித்தீன் போர்த்தி, முதுகில் கொழுந்துக் கூடையுடன் முன்சாய்ந்து நடக்கும் பெண். அவ்வெச்சரிக்கை அவளை நேரில் கண்டு எழுதப்பட்டதோ என்று தோன்றும். கொண்டையூசி வளைவிலோ, கருவி நேர்முகமாகவே நோக்குவதால், வளைவுக்கு அப்பால் நிற்பவர் அதற்குப் புலப்படார். கோடு போடாத தோட்டப் பாதையில், கோட்டைக் காக்கும் கருவிக்கு வேலையே இல்லை.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் கடக்கிறது. சாரதி கண்டு காலை அழுத்த ஒரு வினாடி, நனைந்த தாரில் வண்டி நிற்க மேலும் பதினைந்து மீற்றருக்குக் குறையாத தூரம். இறக்கமாயின் இன்னும் கூடும். முப்பது மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாத பனியில் அந்த வேகமே எல்லையைத் தொட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தின் பாதிக்குள் நிறுத்தக்கூடிய வேகமே அங்கே தகும். முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைப்பது நன்று; உயர்த்திய ஒளி பனியில் பட்டு சாரதியின் கண்ணையும் கமராவையும் ஒருங்கே கூசச் செய்யும்.

இனி, கண்ணாடி உடைந்து புதிது போட நேரும் வண்டிகளைப் பற்றி ஒரு சொல். கமரா நோக்கும் திசை சிறிது பிசகினாலும், தொலைவில் அது பல அடி தள்ளிப் பார்க்கும். எனவே அவ்வண்டிக்கு உரிய கண்ணாடியையே பொருத்தி, கமராவின் பார்வையை அதற்குரிய கருவிகொண்டு மறுபடி நேர்செய்விக்க வேண்டும். முன்பம்பரில் இடி வாங்கி, ராடார் அசைந்த வண்டிக்கும் இதுவே விதி. பெயின்ட் பூசி வெளித்தோற்றத்தைச் சரிசெய்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதைக் கராஜில் வண்டியை ஒப்படைக்கும்போதே சொல்லிவைப்பது உத்தமம்.