உங்களுக்குத் தெரியுமா? 59 வயது மவுன்ட்டுக்கு வந்த வாரிசு

1959 முதல் அடிப்படை அளவு மாறாத லென்ஸ் மவுன்ட்டை (கேமராவில் லென்ஸ் பொருத்தும் வளையம்) தாண்டி, ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவுக்காக 2018-இல் புத்தம் புதிய மவுன்ட்டை உருவாக்கியது ஜப்பானின் நிக்கான்!

• பழைய 'எஃப் மவுன்ட்': உள்விட்டம் 44 மி.மீ. மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை 46.5 மி.மீ. தூரம். நடுவே கண்ணாடி (மிரர்) எழுந்து இறங்க இடம் வேண்டுமே!

• மிரர்லெஸ்ஸில் கண்ணாடி போனது, இடைவெளி சுருங்கியது. 2018 ஆகஸ்டில் அறிமுகமான இசட்7, இசட்6 கேமராக்களின் 'இசட் மவுன்ட்டில்' விட்டம் 55 மி.மீ. தூரமோ 16 மி.மீ. மட்டுமே.

• அகன்ற மவுன்ட் தந்த பரிசு, 2019-இல் வந்த 58 மி.மீ. 'நாக்ட்' லென்ஸ். அப்பர்ச்சர் எஃப்/0.95. மங்கிய வெளிச்சத்துக்கென்றே பிறந்தது.

• நிக்கானின் முதல் மிரர்லெஸ் கேமராக்கள் இசட்7, இசட்6 அல்ல. சிறிய சென்சார் கொண்ட 'நிக்கான் 1' வரிசை 2011-இலேயே வந்துவிட்டது.

• வீட்டில் நிக்கானின் பழைய எஃப் மவுன்ட் 'நிக்கார்' லென்ஸ் இருக்கிறதா? நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் மூலம் பல லென்ஸ்களை இசட் கேமராவில் மாட்டலாம். ஆனால், லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ் இயங்கும். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.